களத்துமேட்டுப் பாட்டும் நம் வீட்டுத் தாலாட்டும்

பெரம்பலூர், அரியலூர் என்னும் பெயர்களைக் கேட்டதும் வெளியூர் அன்பர்களின் நினைவுக்கு வருபவை சிலவே. பெரம்பலூர் என்றால் சின்ன வெங்காயமும் பருத்தியும். அரியலூர் என்றால் சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டு ஆலைகளும். வரலாற்றில் ஈடுபாடு உடையவர்கள் இராசேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்தையும், பெருஞ்சாலையோரம் நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையையும் சேர்த்துச் சொல்வார்கள். நிலவியல் அறிந்தவர்களோ சாத்தனூர்க் கல்மரத்தையும், இம்மண்ணில் கிடைக்கும் கடல்வாழ் உயிர்களின் கல்லுருக்களையும் வியந்து பேசுவார்கள். ஆனால், "உங்கள் பகுதியின் பாட்டு எது?" என்று நம்மிடம் எவரும் கேட்டதில்லை.

நிலத்தின் அமைப்பைச் சிறிது சொல்லிவிடுதல் நலம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டிற்கும் இடைப்பட்ட மேட்டு நிலமும் கரிசலும் செம்மண்ணுமே நம் நாடு. திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995-இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து 2001-இல் அரியலூர் பிரிந்து, அடுத்த ஆண்டே மீண்டும் இணைந்து, 2007-இல் திரும்பவும் தனி மாவட்டம் ஆயிற்று. ஆட்சியர் அலுவலகப் பலகைகள் மாறினவே தவிர, சந்தைக்கும் சம்பந்தத்திற்கும் போய்வரும் வழிகள் மாறவில்லை. இம்மேட்டு நிலத்தில் லப்பைக்குடிக்காடு, வி. களத்தூர் போன்ற ஊர்களில் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. நம் முன்னோரும் வெள்ளாற்றங்கரையில் வாழ்ந்தவர்களே.

நாம் வளர்ந்த வீட்டில் இசைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ரபீஉல் அவ்வலில் மவ்லூது ஓதும் ஓசை தெருவெங்கும் நிறையும். திருமண வீட்டுப் பந்தலில் இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபாவின் வெண்கலக் குரல் ஒலிபெருக்கியில் முழங்கும். ரமளான் மாதத்தில் ஸஹர் நேரத்தில் தப்ஸ் கொட்டிப் பாடிவரும் பக்கீர், உறங்கும் பிள்ளைகளையும் எழுப்பி விடுவார். 1939-இல் தொடங்கப்பெற்ற திருச்சி வானொலி நிலையம் அதிகாலையில் நாதசுரத்தைக் கொணர்ந்து தரும். அந்த நாதசுரம் ஷேக் சின்ன மௌலானாவினுடையது என்றால் அத்தா எழுந்துபோய் ஒலியைக் கூட்டி வைப்பார். ஆந்திரத்தில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த அப்பெருங்கலைஞருக்கு 1998-இல் சென்னை மியூசிக் அகாடமி 'சங்கீத கலாநிதி' விருது வழங்கியபோது, நம் வீட்டுப் பிள்ளையே பரிசு பெற்றதுபோல் தெருவில் பேசிக்கொண்டோம்.

ஆனால், நம் தெருமுனைக்கு அப்பால் வயலிலும் களத்திலும் கோயில் திடலிலும் ஒலித்த பாட்டு நம் வீட்டுக்குள் வந்ததில்லை. நாமும் அதைத் தேடிப் போனதில்லை. கூத்துப் பார்க்கப் போவதை வீட்டுப் பெரியவர்கள் விரும்பார்கள். பறையொலி மட்டும் தானே வந்து காதில் விழும். அவ்வொலி தொலைவிலிருந்து கேட்டால், "யார் மவுத்தானார்?" என்று விசாரிப்பதே வழக்கம். வாழ்நாள் முழுவதும் காதில் விழுந்த அக்கருவியை நாம் செய்தியாகக் கேட்டிருந்தோமேயன்றி இசையாகக் கேட்க வாய்ப்பு நேர்ந்ததில்லை.

அந்த வாய்ப்பு 2024-ஆம் ஆண்டு பொங்கல் கழிந்த வாரத்தில் நேர்ந்தது. அரியலூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் நம் மகள் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றுகிறாள். அவ்வூரார் பள்ளித் திடலில் நாட்டுப்புறக் கலைவிழா ஒன்றை ஏற்பாடு செய்திருந்தனர். 2007-இல் சென்னையில் தொடங்கப்பட்டு, இடையில் பல்லாண்டுகள் நின்று, 2023 ஜனவரியில் மீண்டும் உயிர்பெற்ற 'சென்னை சங்கமம்' விழாவின் புகழ் சிற்றூர்களிலும் ஓர் ஆர்வத்தைக் கிளப்பியிருந்தது. "நம் பிள்ளைகள் ஒயிலாட்டம் ஆடுகிறார்கள். அத்தா அவசியம் வரவேண்டும். நன்னியையும் அழைத்து வாருங்கள்" என்று மகள் வற்புறுத்தினாள். நன்னி என்று அவள் குறித்தது நம் அத்தாவின் தங்கையை. நமக்குக் குப்பி, அகவை 82.

வீட்டில் ஓர் உரையாடல் நிகழாமல் இல்லை. நம் மைத்துனர் மார்க்கப் பற்று மிக்கவர். "மச்சான், இந்தக் கொட்டுமேளத்துக்குக் குப்பியை வேறு கூட்டிக்கொண்டு போக வேண்டுமா?" என்று அவர் கேட்டார். கேட்டதில் தவறில்லை. இசையைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. பெருநாள் அன்று அன்னை ஆயிஷா (ரலி) இல்லத்தில் சிறுமியர் தஃப் கொட்டிப் பாடியபோது அபூபக்ர் (ரலி) அவர்கள் கண்டிக்க முனைந்ததும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அச்சிறுமியரை விட்டுவிடுமாறு கூறியதும் நாம் அனைவரும் அறிந்த செய்தி. அதற்கு எவ்வளவு பொருள் கொள்வது, எங்கே எல்லை வகுப்பது என்று தீர்ப்புரைக்கும் தகுதி நமக்கில்லை. குப்பியே முடிவு கூறினார்: "பேத்தி பாடம் சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கூடம். பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்கக் கூப்பிடுகிறாள். மஃரிபு தொழுதுவிட்டுப் போவோம், தம்பி." அதற்குமேல் பேச்சில்லை.

நாம் சென்றடைந்தபோது மேடையில் இன்னும் விளக்கு எரியவில்லை. திடலின் ஓரத்தில் வைக்கோலும் காய்ந்த ஓலையும் குவித்துத் தீ மூட்டியிருந்தார்கள். அதனைச் சுற்றிக் குந்தியிருந்த இளைஞர்கள் தம் பறைகளை அனலில் காட்டித் திருப்பித் திருப்பிப் பிடித்தனர். குளிருக்குத் தீக்காய்கிறார்கள் என்றே முதலில் எண்ணினோம். ஒருவர் விரலால் தட்டிப் பார்ப்பார், தலையசைப்பார், மீண்டும் அனலில் காட்டுவார். வீணைக்கு முறுக்காணி எதுவோ பறைக்கு அந்த நெருப்பு அது என்பது அருகில் சென்று கேட்ட பிறகே விளங்கிற்று. பனியில் தோல் தளரும், அனலில் இறுகும், இறுகினால்தான் ஒலி எழும். நிகழ்ச்சி நீண்டால் இடையில் இறங்கி வந்து மறுபடியும் காய்ச்சிக்கொண்டு போக வேண்டும்.

குழுவின் மூத்தவர் தம் கருவியை நம் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். மூன்று வளைந்த மரத்துண்டுகளை இரும்புத் தகடுகளால் பிணைத்து வட்டமாக்கியிருந்தனர். அதன்மேல் தோலைப் போர்த்திப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருந்தனர். ஒரு கையில் மெல்லிய நீண்ட மூங்கில் சிம்பு. அதற்குச் சிண்டுக்குச்சி என்று பெயர். மறு கையில் குட்டையான தடித்த அடிக்குச்சி. தோளில் தொங்கவிட்டு மார்போடும் இடுப்போடும் அணைத்துக்கொண்டு அடித்தபடியே ஆடுகிறார்கள். கையிலெடுத்தால் அத்துணைக் கனமில்லை. நம் தெருவில் ஸஹருக்கு எழுப்ப வரும் பக்கீரின் தப்ஸை விடச் சற்றுப் பெரிது, அவ்வளவே. வட்டச் சட்டம், ஒருபுறத் தோல், பனிக்கு அஞ்சும் குணம் இவை இரண்டிற்கும் பொது.

முதல் அடி விழுந்தபோது குப்பி நம் கையைப் பற்றிக்கொண்டார். பன்னிரண்டு பேர் ஒரே வேளையில் அடித்த அவ்வோசை காதில் விழுவதற்கு முன் நெஞ்செலும்பில் விழுந்தது. சிறிது நேரம் யாதொன்றும் விளங்கவில்லை. பேரிரைச்சல் என்றே தோன்றிற்று. பின்னர், சிண்டுக்குச்சி ஒரு பேச்சும் அடிக்குச்சி மறு பேச்சும் பேசுவது புலப்படத் தொடங்கியது. ஒன்று விடாமல் சலசலக்கிறது. மற்றொன்று பொறுத்திருந்து ஓரிடத்தில் அழுத்திச் சொல்கிறது. அடி மாறும்போதெல்லாம் ஆடுவோரின் காலும் மாறுகிறது. இது சாவுக்கான அடி, இது திருவிழாவுக்கான அடி, இது மாடு விரட்டுக்கான அடி என்று மூத்தவர் அறிவித்து அறிவித்து அடித்துக் காட்டினார். நாம் தொலைவிலிருந்து கேட்டுவந்தது அவற்றுள் ஒன்றை மட்டுமே.

பறையைத் தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. தெய்வம், உணவு, மரம், புள் என்ற வரிசையில் பறையும் இடம்பெற்றது. அத்தகைய கருவி பின்னாளில் இழிவின் அடையாளமாக்கப்பட்டது. அடிப்பவரை ஊருக்கு வெளியே நிறுத்தி, சாவு வீட்டுக்கு மட்டும் அழைத்து, கூலியைத் தரையில் வைத்துக் கொடுத்த கொடுமையை நம் தலைமுறையே கண்டிருக்கிறது. அதனால்தான் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று பல ஊர்களில் இளைஞர்கள் கருவியையே துறந்தார்கள். வேறு சிலர் அதே கருவியை மேடைக்கு ஏற்றி மானம் மீட்க முனைந்தார்கள். திண்டுக்கல்லில் இயங்கும் சக்தி நாட்டுப்புறக் கலை மையம் பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ஆம் ஆண்டு இந்திய அரசு பத்மஸ்ரீ விருதை அறிவித்தது.

இவ்விடத்தில் முனைவர் கே.ஏ. குணசேகரனை (1955–2016) நினையாமல் இருத்தல் இயலாது. நாட்டுப்புற இசையை ஆய்ந்தவர். தாமே குரலெடுத்துப் பாடியவர். 'வடு' என்னும் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அவர், ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த சிறுவனாகத் தாம் பட்ட சாதி இழிவுகளை மறைக்காமல் எழுதியிருக்கிறார். இளையான்குடியில் முஸ்லிம்களோடு பழகியபோது அவ்விழிவை உணராமல் இருக்க முடிந்ததையும் அதில் பதிவு செய்துள்ளார். நம்மவர்கள் நெஞ்சு நிமிர்த்திப் படிக்கத்தக்க பக்கங்கள் அவை. அந்த நற்பெயரைக் காத்து வைத்திருக்கிறோமா என்பதை ஒவ்வோர் ஊரிலும் நாமே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பிள்ளைகளின் ஒயிலாட்டமும் கரகாட்டமும் முடிந்த பின், நடவுப் பாட்டுப் பாட ஆறு பெண்கள் மேடையேறினர். அனைவரும் கொள்ளிடக் கரைப் பக்கத்துக் கூலிப் பெண்கள். மூத்தவருக்கு எழுபதை ஒட்டிய வயது. ஒலிவாங்கியின் முன் நிமிர்ந்து நின்றனர், பாட்டு வரவில்லை. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர். கூட்டமும் சிரித்தது. மூத்த அம்மையார் சற்றும் கூச்சமின்றி, "குனிஞ்சாத்தான்யா பாட்டு வரும்" என்றார். பிறகு அறுவரும் மேடைப் பலகையில் வரிசையாகக் குனிந்தனர். இடக்கையில் நாற்று முடி இருப்பதாகப் பாவித்து, வலக்கையால் ஊன்றியபடியே பின்னோக்கி அடியெடுத்து வைத்தனர். பாட்டும் பிறந்தது. ஒலிபெருக்கிக்காரர் ஓடிவந்து ஒலிவாங்கியைத் தரையோடு தாழ்த்தி வைத்தார்.

ஒருவர் ஓரடி எடுக்க, ஐவர் அதனை வாங்கித் திருப்பிச் சொல்லும் பாட்டு அது. நாற்று ஊன்றும் கணமே தாளம். நீர் வார்க்கத் தோழிகளை அழைப்பதும், மேற்பார்வைக்கு நிற்கும் காரியக்காரரைப் பெயர் சொல்லாமல் பகடி செய்வதும், தாய்வீட்டை நினைத்து ஏங்குவதும் மாறி மாறி வந்தன. அப்போதுதான் நம் பக்கத்தில் ஒரு முணுமுணுப்புக் கேட்டது. குப்பி வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தார். சொற்கள் வேறு, மெட்டு அதே மெட்டு. நம்மையும், நம் அத்தாவையும், நம் மகளையும் தொட்டிலில் இட்டு உறங்க வைத்த தாலாட்டின் மெட்டு அது.

நிகழ்ச்சி முடிந்ததும் குப்பி பிடிவாதமாக அம்மூத்த அம்மையாரைக் காண வேண்டும் என்றார். மேடைக்குப் பின்னால் தேநீர் அருந்திக்கொண்டிருந்தவர் எழுந்து நின்று, "வாங்க பாயம்மா" என்று கை குவித்தார்.

"இந்தப் பாட்டை எங்கே படிச்சேம்மா?" என்று குப்பி கேட்டார்.

"படிக்கிறதா? எங்க ஆத்தா நட்டுச்சு, நான் பக்கத்துல நட்டேன். வந்துருச்சு. உங்க பக்கத்துக் களத்துக்கெல்லாம் வெங்காயம் அறுக்க வந்திருக்கேன் பாயம்மா, அப்பவும் பாடுவோம்."

"உன் மகள் பாடுவாளா?"

"அது எங்க? இப்ப நடவுக்கு மெசினு வந்துருச்சு. மெசினு போடுற சத்தத்துல யாரு பாடுறது, யாரு கேக்குறது?"

குப்பி மேலே எதுவும் கேட்கவில்லை. தம் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்து அவர் கையில் வைத்தார். அவர் முதலில் மறுத்துப் பின் பெற்றுக்கொண்டார். இருவரும் ஒருவர் கையை ஒருவர் சற்று நேரம் விடாமல் பிடித்திருந்தனர்.

வீடு திரும்பும் வழியெல்லாம் இதே எண்ணம். களத்து மெட்டு நம் வீட்டுத் தொட்டிலுக்கு எப்படி வந்தது? வியப்பதற்கு ஒன்றுமில்லை. நம் களங்களில் அறுத்தவர்களும் நம் வீட்டுப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர்களும் அவர்களே. நம் பாட்டிமார் அம்மெட்டைக் கேட்டு, 'ஆராரோ' வர வேண்டிய இடத்தில் கலிமாவை வைத்துப் பாடினர். நபிமார் வரலாற்றைக் கோத்தனர். நம் புலவர்களும் இவ்வாறே செய்தனர். கிஸ்ஸா, நாமா, மசலா, முனாஜாத்து, படைப்போர் எனத் தமிழுக்குப் புது வகைகளைத் தந்தவர்கள் அவர்கள். வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா' 1572-இல் தோன்றியது. குணங்குடி மஸ்தான் சாகிபின் (1792–1838) பாடல்களைப் பக்கீர்கள் தாயிரா கொட்டித் தெருத்தெருவாகக் கொண்டுசென்றனர். ஏட்டறியாதவனுக்கும் எட்டும்படி மார்க்கத்தைப் பாட்டில் வைத்தனர். பாட்டை மண்ணிலிருந்து எடுத்தனர்.

கடல் கடந்த நாடுகளிலும் கதை இதுதான். அமெரிக்காவில் இன்று பெருவணிகமாகிவிட்ட நாட்டுப்புற இசைக்கு 1927-ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அவ்வாண்டு கோடையில் இசைத்தட்டு நிறுவனம் ஒன்றின் சார்பில் ரால்ஃப் பியர் என்பவர் பிரிஸ்டல் என்னும் மலையடிவாரத்து ஊரில் வந்து தங்கி, அக்கம்பக்கத்துப் பாடகர்களை வரவழைத்துப் பதிவு செய்தார். வந்தவர்களுள் இரயில்வேயில் தொழிலாளியாக இருந்த ஜிம்மி ராட்ஜர்ஸ் ஒருவர்; மலைவாசிகளான கார்ட்டர் குடும்பத்தினர் மற்றொரு சாரார். பின்னர் அக்குடும்பத் தலைவர் ஏ.பி. கார்ட்டர் பாட்டுத் தேடி மலை மலையாக அலைந்தார். அவருடன் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினத்துக் கலைஞர் சென்றார். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார். ரிடில் மெட்டை மனத்தில் வாங்கிக்கொள்வார். அப்பாடல்கள் இசைத்தட்டாகி நாடெங்கும் பரவின. தட்டின்மேல் ரிடிலின் பெயர் இல்லை. அவ்விசைக்கே அடையாளமான பாஞ்சோ என்னும் தந்திக் கருவியின் மூலமும் அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களுடையதுதான். பாட்டு எவருடையது, புகழ் எவருக்குப் போய்ச் சேர்ந்தது என்னும் கேள்வி, பறையடிப்போர் நாட்டில் வாழும் நமக்குப் புதியதன்று.

நம் தமிழகத்திலும் பாட்டுத் தேடி அலைந்தவர்கள் உண்டு. சார்லஸ் கோவர் என்னும் ஆங்கிலேயர் 1871-இலேயே தென்னிந்திய நாட்டுப் பாடல்களைப் பற்றி நூல் வெளியிட்டார். மு. அருணாசலத்தின் 'காற்றிலே மிதந்த கவிதை', பெர்சி மாக்வீன் திரட்டியவற்றைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி', நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' ஆகியவை இத்துறையின் தூண்கள். அவர்கள் எழுதி வைத்திராவிடில் இன்று எத்தனை பாடல்கள் எஞ்சியிருக்கும்?

அரியலூரை அடுத்த வாரணவாசியில் கல்லுருக்களுக்கான அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. கடல் நம் மண்ணை மூடியிருந்த பல கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்துச் சிப்பிகளும் நத்தைகளும் அங்கே வரி வரியாகத் தெளிவுடன் இருக்கின்றன. ஓடு உள்ள உயிர் கல்லில் தன் சுவட்டை விட்டுச் செல்கிறது. பாட்டுக்கு ஓடில்லை. பாடும் வாய் மூடினால் மெட்டும் மண்ணுக்குள் போய்விடும். எவ்வளவு தோண்டினாலும் பின்னர் கிடைக்காது. அகவை 82 ஆன குப்பியின் தாலாட்டு அவரையன்றி நம் வீட்டில் வேறெவருக்கும் முழுமையாகத் தெரியாது. நம் துணைவியாருக்கு இரண்டு கண்ணிகள் தெரியும். நம் மகளுக்கு மெட்டு மட்டும் தெரியும். நம் மருமகளுக்கு அதுவும் தெரியாது.

மறுநாளே நம் மகள் கைப்பேசியை நீட்டி, "நன்னி, முழுவதும் பாடுங்கள், பதிவு செய்துகொள்கிறேன்" என்றாள். குப்பி இரண்டு வரி பாடுவார், நிறுத்திவிடுவார். "தொட்டிலில் பிள்ளை இல்லாமல் தாலாட்டு எப்படிம்மா வரும்?" என்பார். வயலில் குனியாமல் நடவுப் பாட்டு வராது என்று அவ்வம்மையார் சொன்னது நமக்கு நினைவுக்கு வந்தது. நாற்றங்கால், ஏற்றம், தொட்டில், களம் என அந்தந்த வேலையோடு பிணைந்த பாட்டு இது. வேலை போனால் பாட்டும் உடன் போகிறது. மேடை அதற்கு ஒரு புகலிடம்தான். சொந்த வீடு அன்று.

அதற்கும் ஒரு வழி பிறந்தது. நம் மகன் சிங்கப்பூரில் பணிபுரிகிறான். அவனுக்கு அப்போது ஐந்து மாதக் குழந்தை. அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது. அங்கே பிள்ளையை உறங்க வைக்கும் இரவு எட்டரை, இங்கே மாலை ஆறு. அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட அமைதியான பொழுது. மருமகள் காணொளியில் குழந்தையைக் காட்டினாள். குழந்தை சிணுங்கியது. குப்பி ஊஞ்சல் பலகையில் அமர்ந்து, தம்மை அறியாமலே மடியை ஆட்டத் தொடங்கினார். பாட்டு வந்தது. ஒரு கைப்பேசியில் அவர் பாடிக்கொண்டிருக்க, மற்றொன்றில் மகள் ஓசையின்றிப் பதிந்துகொண்டாள். கடலுக்கு அப்பால் பிள்ளை உறங்கியும் விட்டது.

அவ்வாறு ஆறு மாலைப் பொழுதுகளில் பதினொரு கண்ணிகள் கொண்ட அத்தாலாட்டில் பத்தைப் பெற்றோம். ஒரு கண்ணியில் வெள்ளாறு பெருகிக் கரை உடைத்த செய்தி வருகிறது. மற்றொன்றில் பினாங்குக்குக் கப்பலேறிய தந்தை பட்டும் பாலாடையும் கொண்டுவருவார் என்று பிள்ளைக்கு ஆறுதல் கூறப்படுகிறது. சபுராளிகளின் குடும்பங்கள் அந்நாளில் பட்ட தனிமையை எந்த வரலாற்று நூலும் இவ்வளவு சுருங்கச் சொன்னதில்லை. பிள்ளையின் தந்தை இன்றும் கடல் கடந்தே இருக்கிறான். கப்பல் மட்டும் விமானம் ஆகியிருக்கிறது. அக்கண்ணியைக் கேட்டபோது காணொளியின் மறுமுனையில் நம் மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்நிகழ்ச்சிக்குப் பின் நம் வீட்டில் ஓர் ஏடு திறந்திருக்கிறோம். பாடியவர் பெயர், ஊர், நாள், எந்த வேலையின்போது பாடியது, எவரிடமிருந்து கேட்டது என்பவற்றை முதலிலும், பாட்டைப் பின்னரும் எழுதுகிறோம். கொள்ளிடக்கரை அம்மையாரின் நடவுப் பாட்டு அவ்வேட்டின் முதற் பக்கத்தில் அவர் பெயரோடு இருக்கிறது. அவர் இசைவு தந்த பிறகே எழுதினோம். மெட்டு அவருடைய முன்னோருடையது. முதல் இடம் அவருக்கே உரியது. நம் மைத்துனரும் தம் பங்குக்கு, ஸஹரில் பாடும் திருச்சிப் பக்கீர் ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்து விருந்திட்டு, நான்கு முனாஜாத்துகளை எழுதிக்கொடுக்கச் செய்தார். கொட்டு வேண்டாம், பாட்டு மட்டும் போதும் என்பது அவர் வகுத்த எல்லை. அதுவும் ஏட்டில் குறிக்கப்பட்டுள்ளது.

குப்பியின் தாலாட்டில் ஆறாம் கண்ணிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம். அது நினைவுக்கு வரவில்லை என்கிறார் குப்பி. பெண்ணாகப் பிறந்த பிள்ளைக்கு மட்டும் பாடும் கண்ணி என்றும், வளையல்காரர் ஊருக்குள் வருவது அதில் உண்டு என்றும் மட்டும் நினைவிருக்கிறதாம். லப்பைக்குடிக்காட்டிலோ, வி. களத்தூரிலோ, அங்கிருந்து பெயர்ந்து வேறெங்கேனும் வாழ்வோர் இல்லத்திலோ, அக்கண்ணியை அறிந்த முதிய தாய்மார் எவரேனும் இருக்கலாம். இதை வாசிக்கும் சகோதரிகள் தம் வீட்டு நன்னிமார்களிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டுகிறோம். மடியில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்டால் நல்லது.